எந்த லென்ஸ், எந்த மவுன்ட்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மிரர்லெஸ் (உள்ளே மேலெழும் கண்ணாடி இல்லாத) கேமராவுக்கும் அதன் மவுன்ட்டுக்கும் (லென்ஸைக் கேமராவில் பூட்டும் அமைப்பு) ஏற்ற லென்ஸ் வாங்குவது குறித்து வந்த கடிதங்களில் ஐந்தை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். எழுதியவர்களின் ஊரும் வேறு, கையில் உள்ள கேமராவும் வேறு. ஆனால், கொடுக்கும் பணம் பல ஆண்டுகளுக்குப் பயன்பட வேண்டும் என்ற கவலை ஐவருக்கும் பொதுவாக இருக்கிறது.

கேள்வி: மகளின் பரதநாட்டிய நிகழ்ச்சிகளைப் படமெடுக்க கேனான் ஆர்50 கேமராவை 18-45 மி.மீ. கிட் லென்ஸுடன் வாங்கினேன். பகல் வெளிச்சத்தில் படங்கள் அருமையாக வருகின்றன. சபா மேடையில் எடுத்தவை மட்டும் புள்ளி புள்ளியாகவும் கலங்கலாகவும் இருக்கின்றன. கடையில் கேட்டால் கேமராவையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா? – வாசகி, மதுரை

பதில்: கேமராவை மாற்ற வேண்டாம். குறை லென்ஸில் இருக்கிறது. அதுவும் தரக்குறைவு அல்ல, ஒளி போதாமை. உங்கள் கிட் லென்ஸை 45 மி.மீ. வரை நீட்டும்போது அதன் மிகப் பெரிய திறப்பு (ஒளி நுழையும் துளை) எஃப் 6.3 ஆகச் சுருங்கிவிடுகிறது. எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் உள்ளே விடும் ஒளி அதன் வர்க்கத்தின் கணக்கில் கூடும் என்பதால், எஃப் 1.8 லென்ஸ் ஒன்று எஃப் 6.3-ஐக் காட்டிலும் ஏறத்தாழ 12 மடங்கு ஒளியைத் தரும். இப்போது நீங்கள் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு அளவு) 12800 வைத்து எடுக்கும் அதே காட்சியை, ஷட்டர் வேகத்தை மாற்றாமலே, ஐஎஸ்ஓ 1000 அளவில் எடுத்துவிடலாம். புள்ளிகள் பெருமளவு மறைவதற்கு இதுவே போதும்.

கலங்கல் வேறு சங்கதி. அடவு போடும் காலும் முத்திரை மாறும் கையும் 1/250 நொடி ஷட்டர் வேகமாவது இல்லாமல் படத்தில் தெளிவாக நிற்காது. லென்ஸில் உள்ள அதிர்வுத் தடுப்பு உங்கள் கையின் நடுக்கத்தைத் தடுக்குமே தவிர, ஆடுபவரின் அசைவைத் தடுக்காது. ஆகவே அதிர்வுத் தடுப்பு இருக்கிறது என்பதற்காக மட்டும் கூடுதல் விலை கொடுக்காதீர்கள், திறப்புக்குக் கொடுங்கள்.

எந்தக் குவியத்தூரம் (லென்ஸில் மி.மீ. கணக்கில் எழுதியிருக்கும் எண்) வேண்டும் என்பதை ஒரு சிறு கணக்கால் நீங்களே முடிவு செய்யலாம். உங்கள் கேமராவின் சென்சார் 22.3 மி.மீ. அகலம். அதை மேடைக்கும் உங்களுக்கும் உள்ள தூரத்தால் பெருக்கி, லென்ஸின் குவியத்தூரத்தால் வகுத்தால் படத்தின் நீளப் பக்கத்தில் எத்தனை மீட்டர் அடங்கும் என்று வந்துவிடும். எட்டு மீட்டர் தூரத்தில் 50 மி.மீ. லென்ஸ் போட்டால் சுமார் மூன்றரை மீட்டர் அடங்கும். கேமராவை நிமிர்த்திப் பிடித்தால் உயர்த்திய கைகளோடு முழு உருவமும் தாராளமாக வரும். கேனானின் ஆர்எஃப் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸின் எடை வெறும் 160 கிராம், அந்நிறுவனத்தின் விலை மலிந்த லென்ஸ்களில் ஒன்று. உங்களுக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான். பதினைந்து மீட்டர் பின்னால்தான் இடம் கிடைக்கும் என்றால் 85 மி.மீ. எஃப் 2-ஐப் பாருங்கள். அதே 50 மி.மீ. லென்ஸை வீட்டுக் கூடத்தில் மூன்று மீட்டரில் நின்று பயன்படுத்தினால் 1.3 மீட்டர்தான் அடங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்; வீட்டு விசேஷங்களுக்கு சிக்மா 30 மி.மீ. எஃப் 1.4 போன்ற ஒன்று பொருத்தமானது. ஆனால் இரண்டையும் சேர்த்து வாங்காதீர்கள். அடுத்த நிகழ்ச்சி முழுவதையும் கிட் லென்ஸை 45-இல் நிறுத்தி எடுத்துப் பாருங்கள். அந்தச் சட்டகம் உங்களுக்குப் போதுமானதாக இருந்தால் மறுநாளே 50-ஐ வாங்கலாம்.

கேள்வி: நிக்கான் டி750 வைத்திருக்கிறேன். லென்ஸ்கள்: 50 மி.மீ. எஃப் 1.8டி, 80-200 மி.மீ. எஃப் 2.8டி, 24-120 மி.மீ. எஃப் 4 ஏஎஃப்-எஸ். நிக்கானின் மிரர்லெஸ் வகையான இசட் வரிசைக்கு மாற எண்ணுகிறேன். அடாப்டர் போட்டு மூன்றையும் பயன்படுத்தலாமா, அல்லது எல்லாவற்றையும் எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடலாமா? – வாசகர், திருச்சி

பதில்: மூன்றையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. 24-120-ஐ வைத்துக்கொள்ளுங்கள், மற்ற இரண்டை விற்றுவிடுங்கள். காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1959-இல் வந்த நிக்கான் எஃப் மவுன்ட்டில் லென்ஸின் பிடிவளையத்துக்கும் ஃபிலிமுக்கும் (இப்போது சென்சாருக்கும்) இடையே 46.5 மி.மீ. தூரம் இருக்கிறது, நடுவே பிரதிபலிப்புக் கண்ணாடி (மிரர்) மேலெழ இடம் வேண்டியிருந்தது. கண்ணாடியை எடுத்துவிட்ட இசட் மவுன்ட்டில் அந்தத் தூரம் 16 மி.மீ. மட்டுமே. மிச்சமுள்ள 30.5 மி.மீ. இடைவெளியை நிரப்பும் வெற்றுக் குழாய்தான் எஃப்டிஇசட் அடாப்டர். அதற்குள் லென்ஸ் கண்ணாடி எதுவும் இல்லை, எனவே படத்தின் தரம் ஒரு துளியும் குறையாது. இதே காரணத்தால்தான் பழைய லென்ஸைப் புதிய கேமராவில் பொருத்த முடிகிறது, புதிய லென்ஸைப் பழைய கேமராவில் பொருத்த முடிவதில்லை.

சிக்கல் மோட்டாரில் வருகிறது. நிக்கான் தன் ஆரம்பகால ஆட்டோஃபோக்கஸ் கேமராக்களில் பெரும்பாலானவற்றில் மோட்டாரை கேமராவின் பாடிக்குள் வைத்து, ஒரு திருகு வழியாக லென்ஸைச் சுழற்றியது. உங்கள் இரண்டு டி வகை லென்ஸ்களும் அந்தத் திருகை நம்பியிருப்பவை. எஃப்டிஇசட் அடாப்டருக்குள் அந்த மோட்டார் கிடையாது. திறப்பு இயங்கும், ஒளி அளவீடு இயங்கும், ஃபோக்கஸை மட்டும் கையால்தான் திருப்ப வேண்டும். ஏஎஃப்-எஸ் லென்ஸில் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால் 24-120 முழுமையாக வேலை செய்யும். கேனான் 1987-இல் ஈஎஃப் மவுன்ட்டைக் கொண்டுவந்தபோது பழைய எஃப்டி லென்ஸ்களை ஒரேயடியாகக் கைவிட்டு, மோட்டாரையும் திறப்பின் கட்டுப்பாட்டையும் லென்ஸுக்குள்ளேயே வைத்தது. அன்றைக்கு அதன் வாடிக்கையாளர்கள் கொதித்தார்கள். ஆனால் அந்த முடிவால்தான் இன்று முப்பது வயதான ஈஎஃப் லென்ஸும் அடாப்டர் வழியே கேனானின் ஆர் வரிசை மிரர்லெஸ் கேமராவில் தானாக ஃபோக்கஸ் ஆகிறது. பழைய வாடிக்கையாளரை நிக்கான் மதித்த விதம் எனக்கு இன்றும் பிடிக்கும். அதற்கான விலையை இப்போது டி லென்ஸ் வைத்திருப்பவர்கள் கொடுக்கிறார்கள்.

80-200 எஃப் 2.8டி உறுதியான, அழகான லென்ஸ். அதன் மதிப்பு தெரிந்தவர்கள் இன்னும் டிஎஸ்எல்ஆர் (மிரர் உள்ள கேமரா) வைத்துக் கல்யாண வேலை செய்பவர்களே. ஆகவே அவர்களிடம் நேரடியாக விற்கப் பாருங்கள். கடைக்காரர் அதை வாங்கிச் சுத்தம் செய்து, வைத்திருந்து, பின்னால் வரும் குறைக்கும் பொறுப்பேற்று விற்க வேண்டும். அதனால் எக்ஸ்சேஞ்ச் விலை குறைவாகத்தான் இருக்கும், அதில் ஏமாற்று இல்லை. நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. எக்ஸ்சேஞ்ச் பற்றிப் பேச்செடுக்கும் முன், புதுப் பொருளை ரொக்கத்துக்கு என்ன விலையில் தருவார்கள் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிறகுதான் பழைய லென்ஸ்களை மேசைமேல் வையுங்கள். இரண்டு விலையும் கலந்துவிட்டால், ‘போனஸ்’ என்று கூட்டிக் கொடுத்தது புதுப் பொருளின் விலையில் ஏற்றப்பட்டதா என்பதை அறியவே முடியாது.

கேள்வி: கல்லூரி மாணவன். இன்னும் கேமரா வாங்கவில்லை. குறைந்த பணத்தில் லென்ஸ் சேர்க்க எந்த நிறுவனத்தின் மவுன்ட் நல்லது? – வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பாடியை நான்கைந்து ஆண்டுகளில் மாற்றுவீர்கள், லென்ஸ்களோடு பத்துப் பதினைந்து ஆண்டுகள் வாழ்வீர்கள். அதனால் நீங்கள் கேட்டது சரியான கேள்வி. சோனி தன் இ மவுன்ட்டின் அடிப்படை விவரங்களை 2011-லேயே மற்ற லென்ஸ் நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டதால் சிக்மா, டாம்ரான் போன்றவற்றின் தெரிவுகள் அங்கேதான் மிகுதி. செகண்ட் ஹேண்ட் புழக்கமும் அதிகம். ஃபியூஜி எக்ஸ் மவுன்ட்டும் ஏபிஎஸ்-சி (35 மி.மீ. ஃபிலிம் சட்டகத்தைவிடச் சிறிய சென்சார்) அளவுக்கென்றே 2012 முதல் வளர்க்கப்பட்டது என்பதால் சிறிய, நல்ல லென்ஸ்கள் அதில் ஏராளம். கேனான் ஆர்எஃப் மவுன்ட்டில் சிக்மாவும் டாம்ரானும் 2024-இல்தான் நுழைந்தன, அதுவும் ஏபிஎஸ்-சி லென்ஸ்களோடு. உங்கள் நிலையில் நான் இருந்தால் பழைய சோனி அல்லது ஃபியூஜி பாடி ஒன்றையும், சிக்மா 18-50 மி.மீ. எஃப் 2.8 லென்ஸையும் தேடுவேன். ஊரில் நண்பர்கள் வேறொரு மவுன்ட் வைத்திருந்து லென்ஸ் இரவல் தருவார்கள் என்றால், மேலே சொன்ன எல்லாவற்றையும்விட அது பெரிய காரணம்.

கேள்வி: செகண்ட் ஹேண்ட் லென்ஸ் வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும்? கடலோர ஊர் என்பதால் பூஞ்சைக்குப் பயப்படுகிறேன். – வாசகர், தூத்துக்குடி

பதில்: பயம் நியாயமானது. பல ஆண்டுகளுக்கு முன், ஒரு கடையில் விளக்கு வெளிச்சத்தில் மேலோட்டமாகப் பார்த்து நான் வாங்கிய லென்ஸின் உள்ளே, வீட்டுக்கு வந்து டார்ச் அடித்தபோது சிலந்தி வலை போல் இழைகள் படர்ந்திருந்தன. அன்று முதல் டார்ச் இல்லாமல் லென்ஸ் பார்க்கப் போவதில்லை.

இரு மூடிகளையும் கழற்றிவிட்டு, செல்பேசியின் டார்ச்சைப் பின்பக்கமாகச் சாய்வாகப் பிடித்து முன்பக்கத்திலிருந்து பாருங்கள். பிறகு திருப்பிப் பிடித்து மறுபடி பாருங்கள். நாலைந்து தூசித் துகள்கள் எல்லா லென்ஸிலும் இருக்கும், படத்தில் தெரியாது. கிளை பிரிந்த இழைகள் தெரிந்தால் பூஞ்சை. விளிம்பிலிருந்து பால் போல் மங்கல் பரவியிருந்தால் கண்ணாடிகளை ஒட்டிய பசை விட்டுப்போயிருக்கலாம் அல்லது படலம் படிந்திருக்கலாம். எதுவானாலும் விலை பேசாமல் எழுந்துவிடுங்கள். பூஞ்சை கண்ணாடியின் பூச்சை அரித்துவிட்டால், துடைத்த பிறகும் வடு நிற்கும். முன்கண்ணாடியில் ஒரு மெல்லிய கீறலுக்கு அஞ்ச வேண்டாம், அதைக் காட்டி விலையைக் குறைத்துக்கொள்ளலாம். பின்கண்ணாடியின் கீறல் அதைவிடக் கெடுதல் செய்யும்.

மிரர்லெஸ் லென்ஸ்களில் இன்னொரு சங்கதி இருக்கிறது. இவற்றில் பெரும்பாலானவை மின்சாரம் இல்லாமல் எதையும் காட்டாது. ஃபோக்கஸ் வளையம் ஒரு மின் கட்டளையைத்தான் அனுப்புகிறது. திறப்பின் இதழ்களும் அப்படியே. எனவே உங்கள் கேமராவைக் கொண்டுபோகாமல் வாங்கவே கூடாது. கையில் எடுத்து ஆட்டினால் உள்ளே ‘கடகட’ என்று சத்தம் கேட்டால் உடனே பழுது என்று எண்ணவும் வேண்டாம். ஃபியூஜியின் 90 மி.மீ. எஃப் 2 போல, காந்த விசையால் நகரும் மோட்டார் உள்ள லென்ஸ்களில் மின்சாரம் இல்லாதபோது உள்கண்ணாடித் தொகுதி தளர்ந்து ஆடுவது இயல்பு. கேமராவில் பொருத்தி இயக்கிய பிறகும் சத்தம் நிற்கவில்லை என்றால்தான் கவலை.

பொருத்திய பின், செங்கல் சுவர் ஒன்றுக்கு நேர் எதிரே நின்று திறப்பை முழுதாகத் திறந்து ஒரு படம் எடுங்கள். நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். நான்கும் சற்று மென்மையாக இருந்தால் அது லென்ஸின் இயல்பு. ஒரு மூலை மட்டும் கலங்கியிருந்தால், கேமராவைச் சற்றுத் திருப்பி மறுபடி எடுத்தும் அதே மூலை கலங்கினால், உள்ளே கண்ணாடி நகர்ந்திருக்கிறது. பெரும்பாலும் கீழே விழுந்த லென்ஸ். ஃபில்டர் வளையத்தின் நெளிவும், மவுன்ட் திருகுகளின் தலையில் உள்ள தேய்மானமும் அதையே சொல்லும். பில்லில் உள்ள வரிசை எண்ணும் லென்ஸில் உள்ளதும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். திருட்டுப் பொருளைக் கைமாற்றுபவர்கள் பில் ‘தொலைந்துவிட்டது’ என்றே சொல்வார்கள்.

வாங்கிய பிறகு, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள், உள்ளே ஈரப்பத மானி ஒன்றும் இருக்கட்டும். 40 முதல் 50 சதவீதம் வரை நல்லது. நிறம் மாறிய ஜெல்லை லேசாகச் சூடாக்கினால் மீண்டும் உதவும். தோல் உறையிலும் துணிப்பையிலும் மாதக்கணக்கில் வைக்காதீர்கள். வாரத்துக்கு ஒருமுறையாவது எடுத்துப் படம் பிடியுங்கள். வெளிச்சமும் காற்றோட்டமும் பூஞ்சைக்கு ஆகாதவை.

கேள்வி: கூந்தன்குளத்தில் பறவைகளைப் படமெடுக்கிறேன். கேனான் ஆர்10, ஆர்எஃப் 100-400 மி.மீ. எஃப் 5.6-8 இருக்கின்றன. லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே பொருத்தி குவியத்தூரத்தைக் கூட்டும் 2 மடங்கு எக்ஸ்டெண்டர் வாங்கினால் 800 மி.மீ. கிடைக்குமே, வாங்கலாமா? – வாசகர், திருநெல்வேலி

பதில்: வேண்டாம். பொருந்தும், ஆனால் 2 மடங்கு எக்ஸ்டெண்டர் இரண்டு ஸ்டாப் ஒளியை விழுங்கும் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாவது). 400-இல் எஃப் 8 ஆக இருப்பது எஃப் 16 ஆகிவிடும். பறவைகள் சுறுசுறுப்பாக இருக்கும் விடிகாலையில் அதை வைத்துப் பறக்கும் நாரையைப் பிடிக்க முடியாது. உங்கள் சென்சார் 35 மி.மீ. ஃபிலிம் சட்டகத்தைவிடச் சிறியது என்பதால், அதன் 1.6 மடங்குக் கணக்கில் 400 மி.மீ. ஏற்கெனவே 640-க்குச் சமமான சட்டகத்தைத் தருகிறது. அதற்கும் மேலாக, கூந்தன்குளத்தில் பறவைகள் ஊருக்குள் வீட்டோர மரங்களிலேயே கூடு கட்டுகின்றன; கிராமத்தார் அவற்றைக் காக்கிறார்கள். இவ்வளவு நெருக்கம் வேறு எங்கே கிடைக்கும்? எக்ஸ்டெண்டருக்கு வைத்த பணத்தை எடுத்து வையுங்கள். சூரியன் எழுந்து ஒரு மணி நேரம் கழித்து, வெளிச்சம் உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து விழும் பக்கத்தில் நின்று, 1/2000 வேகத்தில் எடுத்துப் பாருங்கள். கூடு இருக்கும் மரத்துக்கு அடியில் மட்டும் போகாதீர்கள். பெற்ற பறவை எழுந்து போனால் குஞ்சுகள் வெயிலில் தனித்து நிற்கும்.