அந்த நாற்பது நிமிடம் எங்கே போகிறது?

கேள்வி: அம்மாவுக்கு வணக்கம். எனக்கு 42 வயது. வேலை பார்த்துக்கொண்டே ஆறு வருஷம் படித்து, ஏசிசிஏ கணக்கியல் தேர்வின் கடைசித் தாளைப் போன டிசம்பரில் எழுதினேன். ஜனவரியில் பாஸ் என்று மின்னஞ்சல் வந்தது. சம்பளமும் ஏறியது. ஆனால் அதற்குப் பிறகு எதிலும் பிடிப்பில்லை. ஓடினால் மனசு சரியாகும் என்று நண்பர் சொன்னதால் பிப்ரவரியிலிருந்து தினமும் ஓடுகிறேன். காலை 5.30க்குக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுக் கிளம்பி, பிடோக் நீர்த்தேக்கத்தைச் சுற்றிவிட்டு வீடு வந்தால் 10 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு ஆறரை நிமிடம் என்ற வேகத்துக்கு வந்துவிட்டேன். 7.15க்கு நான் திரும்பும்போது மனைவியும் இரண்டு பிள்ளைகளும் கிளம்பியிருப்பார்கள் என்பதால் வீட்டில் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. (மகள் தொடக்கநிலை 5, மகன் தொடக்கநிலை 2. மனைவிக்கு 40 வயது, பாலர் பள்ளியில் உதவி ஆசிரியை.) ஓடும்போது நன்றாக இருக்கிறது. அலுவலக நாற்காலியில் உட்கார்ந்ததும் பழைய மந்தம். டிசம்பரில் நடக்கும் சிங்கப்பூர் மாரத்தானில் முழு ஓட்டத்துக்குப் பதிந்துகொண்டால் பழைய வேகம் திரும்புமா?

– பெயர் வேண்டாம், பிடோக்

பதில்: தம்பி, ஏசிசிஏவின் 13 தாள்களை வேலையும் குடும்பமுமாக இருந்துகொண்டு முடிப்பது சாதாரண விஷயமில்லை. வாழ்த்துகள்.

பெரிய காரியம் முடிந்தால் எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும், போகப்போகச் சரியாகிவிடும் என்று நான் எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். இந்தக் கடிதம் எனக்குப் புதிதில்லை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் கடனை அடைத்து முடித்தவர் எழுதியிருக்கிறார், கடைசிப் பெண்ணுக்குக் கல்யாணம் செய்துவைத்த அம்மா எழுதியிருக்கிறார். ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு கணக்கு இடிக்கிறது. கணக்காளர் எழுதிய கடிதம் என்பதால் கணக்கையே முதலில் பார்ப்போம்.

கிலோமீட்டருக்கு ஆறரை நிமிடம், 10 கிலோமீட்டர். மொத்தம் 65 நிமிடம். 5.30க்குக் கிளம்பினால் 6.35க்கு உங்கள் புளோக் வாசலில் நிற்க வேண்டும். வீட்டுக்குள் நுழைவதோ 7.15க்கு. நடுவில் இருக்கும் 40 நிமிடம் எங்கே போகிறது? கை காலை நீட்டி உடம்பைத் தளர்த்த பத்து நிமிடம், மின்தூக்கிக்குக் காத்திருக்க இரண்டு நிமிடம் என்று தாராளமாகவே கழித்துக்கொள்கிறேன். மீதி அரை மணி நேரம் கீழே காப்பிக்கடையில் ஒரு கோப்பி ஓவோடு போகிறதா, நீர்த்தேக்கத்து பெஞ்சில் போகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. எனக்கும் அது முக்கியமில்லை. அந்த அரை மணி நேரம் எந்த அரை மணி நேரம் என்பதுதான் முக்கியம்.

இந்த ஊரில் பள்ளி மணி 7.30க்கு அடிக்கிறது. சூரியன் ஏழு மணிக்குத்தான் எட்டிப் பார்க்கிறது. அப்படியானால் 6.35க்கும் ஏழுக்கும் நடுவில் உங்கள் வீட்டில் என்ன நடக்கும்? தூக்கம் கலையாத எட்டு வயதுப் பையனை இருட்டிலேயே உலுக்கி எழுப்பி, பல் தேய்க்க வைத்து, ஒரு காலில் மட்டும் காலுறை போட்டுக்கொண்டு மற்றதைத் தேடுகிறவனைப் பிடித்து உட்காரவைத்து, பெண்ணுக்குத் தலை பின்னி, தண்ணீர்ப் போத்தலை நிரப்பி, இன்றைக்குச் சொல்வதெழுதுதல் இருக்கிறது என்று அப்போதுதான் ஞாபகம் வந்து அழும் பிள்ளைக்கு நாலு வார்த்தை சொல்லிக்கொடுத்து, இவ்வளவையும் முடித்துவிட்டுத் தன் வேலைக்கும் ஓட வேண்டும் உங்கள் மனைவி. அவர் போகிற இடத்திலும் பிள்ளைகள்தான், ஊரார் பிள்ளைகள்.

அந்த நேரத்தில் நீங்கள் ஓட்டத்தை முடித்துவிட்டுக் கீழேயோ பக்கத்திலோ இருக்கிறீர்கள். அவர்கள் கிளம்பியது உறுதியான பிறகு மேலே ஏறுகிறீர்கள். அதை இடைஞ்சல் செய்யாமல் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது ஒளிந்துகொள்வதாகத் தெரிகிறது.

கோபப்படுங்கள், பரவாயில்லை. ஆனால் உங்களைச் சோம்பேறி என்று நான் சொல்லவில்லை. சோம்பேறி 5.30க்கு எழுந்திருக்கமாட்டான். எனக்குப் படுவது வேறு. ஆறு வருஷமாக அந்த வீட்டின் காலைப்பொழுது நீங்கள் இல்லாமல் நடந்திருக்கிறது. எந்தப் பிள்ளைக்கு ரொட்டியில் கயா வேண்டும், யாருக்கு வேண்டாம் என்பது உங்களுக்குத் தெரியாது. பள்ளியிலிருந்து அனுமதிப் படிவங்கள் பேரன்ட்ஸ் கேட்வே செயலியில் வருகின்றனவே, அது உங்கள் கைப்பேசியில் இருக்கிறதா? அந்தப் பரபரப்புக்குள் நுழைந்தால் எங்கே நிற்பது, எதை எடுப்பது என்று தெரியாமல் சொந்த வீட்டில் வாடகைக்கு வந்தவர் மாதிரி முழிக்க வேண்டியிருக்கும். அலுவலகத்தில் உங்களுக்கு ஒரு பெயர் இருக்கிறது. நீர்த்தேக்கத்தில் உங்களுக்கு ஒரு வேகம் இருக்கிறது. வீட்டில் 6.35க்கு உங்களுக்கு எதுவும் இல்லை. அதனால் வெளியே இருப்பது சுலபமாக இருக்கிறது.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். ஏசிசிஏ தேர்வு வருவது மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர். நம் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை எப்போது? மார்ச்சில் ஒரு வாரம், ஜூனில் நான்கு வாரம், செப்டம்பரில் ஒரு வாரம், ஆண்டு முடிவில் ஆறு வாரம். அதாவது உங்கள் பிள்ளைகளுக்கு லீவு வரும் மாதமெல்லாம் அப்பாவுக்குப் பரீட்சை. ஆறு வருஷம். படிக்க உட்கார்ந்தபோது உங்கள் மகனுக்கு இரண்டு வயது. அந்த வயதுப் பையனை அடுத்த அறையில் சத்தம் போடாமல் வைத்துக்கொள்வது எவ்வளவு பெரிய வேலை தெரியுமா? அதற்குத் தாள் கிடையாது, மதிப்பெண் கிடையாது, ஜனவரியில் மின்னஞ்சலும் வராது.

உங்கள் கடிதத்தில் நன்றி கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லை. அதே சமயம், மனைவி என்ன செய்தார் என்ற வார்த்தையும் இல்லை. அவர் அடைப்புக்குறிக்குள் வருகிறார், வயதோடும் வேலையோடும்.

எனக்குப் பழைய புத்தி என்று சொல்வார்கள், சொல்லட்டும். ஒரு வீட்டில் ஒருவர் படித்துப் பட்டம் வாங்கினால் அந்த வீடே படித்தது என்று நினைக்கிறவள் நான். வாங்கியவர் திருப்பிக் கொடுக்க வேண்டும். காசாக இல்லை, நேரமாக. சம்பளம் ஏறியதே போதும் என்று பல ஆண்கள் நினைக்கிறார்கள். சம்பளம் வீட்டுக்குத்தான் வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் ஆறு வருஷம் இரண்டு பேர் வேலையை ஒருவர் இழுத்ததை, வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும் ஜைரோவில் கட்டி அடைக்க முடியாது. உங்களுக்குப் பிடிப்பு இல்லாமல் போனதற்குப் புதிய இலக்கு இல்லாதது காரணம் என்று நினைக்கிறீர்கள். கண் முன்னால் செய்யாத வேலை கிடக்கும்போது மனசு எப்படி நிம்மதியாக இருக்கும்?

சரி, ஓட்டத்துக்கு வருகிறேன். ஓடுவதை நான் குறை சொல்லவில்லை. ஓடி முடித்ததும் வரும் அந்த லேசான உணர்வுக்கு எண்டார்ஃபின்தான் காரணம் என்று ரொம்ப காலம் சொல்லிவந்தார்கள். ரத்தத்தில் இருக்கும் எண்டார்ஃபின் மூளைக்குள் எளிதில் புகாது என்பதால், உடம்பே தயாரிக்கும் எண்டோகன்னாபினாய்டு என்ற வேறொரு பொருள் மீதுதான் இப்போது ஆராய்ச்சியாளர்களுக்குச் சந்தேகம் அதிகம். எதுவாக இருந்தாலும் அது சீக்கிரம் தீர்ந்துவிடுகிற சரக்கு. அலுவலக நாற்காலிக்குள் கரைந்துவிடுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

பெரியவர்களுக்கு வாரத்துக்கு 75 முதல் 150 நிமிடம் கடுமையான உடற்பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நீங்கள் ஏழு நாளும் ஓடி 455 நிமிடம் வைத்திருக்கிறீர்கள். அதற்கு மேல் ஓடக்கூடாது என்று அவர்கள் சொல்லவில்லைதான். ஆனால் மனசுக்காக ஓடுகிறவருக்கு இவ்வளவு எதற்கு? 42 வயதுத் தசைநாருக்கு ஓய்வு நாளே இல்லாமல் தினமும் 10 கிலோமீட்டர் கொடுத்தால் கணுக்காலோ முழங்காலோ ஒருநாள் நின்றுவிடும். அப்போது ஓட்டமும் இருக்காது. போதாததற்கு, வேகம், தூரம் என்று எண்களைக் குறித்துவைத்து, அடுத்தது மாரத்தான் என்று பேச ஆரம்பித்துவிட்டீர்கள். பதினான்காவது தாள் ஒன்றை நீங்களே அச்சடித்துக்கொண்ட மாதிரி இருக்கிறது.

நான் சொல்வது இதுதான். பள்ளி நாட்களில் வாரத்துக்கு இரண்டு நாளுக்கு மேல் காலையில் ஓடாதீர்கள். அந்த இரண்டு நாளும் நீர்த்தேக்கத்தை ஒரே சுற்றோடு விட்டுவிடுங்கள். அதுவே 4.3 கிலோமீட்டர். ஆறேகாலுக்குள் வீட்டில் இருக்கலாம். வியர்வையோடு வந்தாலும் பரவாயில்லை, அடுப்பு முகம் சுளிக்காது. நீண்ட ஓட்டம் வேண்டுமென்றால் சனிக்கிழமை சாயங்காலம் போங்கள். மகள் வந்தால் அழைத்துப் போங்கள், அவள் நடந்தால் நீங்களும் நடங்கள். அடுத்த வருஷம் அவளுக்குத் தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வு. ஆகஸ்டில் தமிழ் வாய்மொழித் தேர்வு வரும். அதற்குத் துணைப்பாட வகுப்பு தேடுவதற்கு முன்னால், அவளோடு வாரத்தில் ஒரு மணி நேரம் தமிழில் பேசிப் பாருங்கள். வாய் திறந்து பேசிப் பழகினால்தான் வாய்மொழி வரும்.

முதல் இரண்டு வாரம் மோசமாக இருக்கும், இப்போதே சொல்லிவைக்கிறேன். நீங்கள் பின்னிய தலையைப் பார்த்து, “அம்மா இப்படிப் பின்னமாட்டாங்க” என்று பெண் அவிழ்த்துவிடுவாள். ரொட்டி கருகும். “நீங்க ஓடவே போங்க” என்று மனைவி சலித்துக்கொண்டால் அதை அனுமதியாக எடுத்துக்கொண்டு காலணியை மாட்டிவிடாதீர்கள். அவருக்கும் உங்களை நம்ப நாள் ஆகும். “என்ன உதவி செய்யணும், சொல்லு” என்றும் கேட்காதீர்கள். சொல்லிக்கொடுத்து வேலை வாங்குவது அவருக்கு இன்னொரு வேலை. பையன் ஒருவனை முழுசாக உங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்ளுங்கள், எழுப்புவதிலிருந்து பையை மாட்டிவிடுவது வரை.

அப்புறம், மனைவிக்கு 40 என்று எழுதியிருக்கிறீர்கள். நம் நாட்டுக் குடிமக்களில் 40 வயதைத் தொட்டவர்களுக்கு 2024 மே மாதத்திலிருந்து, திறன் வளர்ப்புப் படிப்புகளுக்கு அரசாங்கம் உதவும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கணக்கில் 4,000 வெள்ளி தனியாகக் கிடைக்கிறது, குறிப்பிட்ட சில படிப்புகளுக்கு. உதவி ஆசிரியையாக இருப்பவருக்கு மேலே படிக்கும் ஆசை இருந்ததா, இந்த ஆறு வருஷத்தில் அதை எங்கே மடித்து வைத்தார் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு உடனே கணினியைத் திறந்து அவருக்கு ஒரு படிப்பைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள். ஆண்கள் இதில் கெட்டிக்காரர்கள். அவர் வேண்டாம், எனக்குத் தூங்க வேண்டும் என்றால் தூங்கட்டும். படிக்கிறேன் என்றால், அவர் புத்தகத்தோடு உட்காரும் நேரத்தில் பிள்ளைகளை வெளியே அழைத்துக்கொண்டு போகிற வேலை உங்களுடையது. எத்தனை வருஷமானாலும்.

தூக்கமும் பசியும் கெட்டு, எழுந்திருக்கவே மனம் இல்லாத நாட்கள் இரண்டு வாரத்துக்கு மேல் நீண்டால், அது என் பதிலுக்குள் அடங்காத விஷயம். பலதுறை மருந்தகத்தில் மருத்துவரைப் பாருங்கள். உங்கள் கடிதத்தில் அப்படித் தெரியவில்லை. ஆனாலும் சொல்லாமல் விடக்கூடாது.

மாரத்தான் கேள்விக்குப் பதில்: இந்த வருஷம் முழு ஓட்டம் வேண்டாம். 42.195 கிலோமீட்டருக்கான பயிற்சி என்றால் வார இறுதி ஒவ்வொன்றிலும் மூன்று மணி நேரம், மூன்றரை மணி நேரம் என்று போகும். வீட்டிலிருந்து இன்னும் ஒரு கத்தை நேரத்தைக் கடன் கேட்கும் நிலையில் நீங்கள் இப்போது இல்லை. தவிர, ஓட்டம் வருவது வழக்கமாக டிசம்பர் தொடக்கத்தை ஒட்டி. மறுபடியும் பள்ளி விடுமுறை, மறுபடியும் அப்பாவுக்குப் பரீட்சை! ஓடியே ஆக வேண்டும் என்றால் 10 கிலோமீட்டர் பிரிவில் ஓடுங்கள், அந்தத் தூரம் உங்களுக்குப் பழக்கம்தான். ஆனால் கட்டணத்தைக் கட்டுவதற்கு முன்னால், அந்த வாரத்தில் மலாக்காவுக்கோ ஊருக்கோ போகும் திட்டம் ஏதாவது வீட்டில் இருக்கிறதா என்று அவர்களைக் கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.