காரியத்துக்கு வந்த பழக்கம்

அன்புள்ள அக்கா,

எனக்கு 26 வயது. குடியாத்தத்திலிருந்து கம்பெனி வண்டியில் ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போய்வருகிறேன். பக்கத்து வீட்டு ஆயாவுக்கு எழுபது இருக்கும், பீடி சுற்றுகிறார். ஞாயிறு முழுக்க அவர் திண்ணையில்தான் இருப்பேன். போன வாரம் டிவி சத்தத்துக்கு எங்கள் இருவருக்கும் பெரிய சண்டை. அப்பவும் எழுந்து வரவில்லை. "பி.எஃப். பாரம் எழுதத்தான் கிழவி உன்னைப் பிடிச்சு வச்சிருக்கு" என்கிறார் அண்ணி. அப்படியும் இருக்குமோ?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கைக்கு,

இருக்கும். இருந்தால் என்ன?

1966ஆம் ஆண்டு பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டமே வீட்டில் உட்கார்ந்து சுற்றுகிறவரையும் தொழிலாளி என்று சொல்லிவிட்டது. ஆனால் பி.எஃப். கணக்கில் சேர்ந்த பணத்தை வாங்க, எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் வேண்டும். (அண்ணியிடம் பாரத்தைக் கொடுத்தால் எழுதித் தருவாரா?)

பேர்ணாம்பட்டில் குடியிருந்தபோது எனக்கும் ஒரு ஆயா இருந்தார். முதலில் வந்தது பாஸ்புக் படிக்கச் சொல்லித்தான். அப்புறம் என்னையும் உட்காரவைத்துவிட்டார். ஈரச் சாக்கில் சுற்றிய இலையை எடுத்து, தகட்டை வைத்துக் கத்தரியால் நறுக்கித் தருவார். நான் சுற்றினால் நடுவில் தூள் பிதுங்கும். "இன்னாம்மே, இது பீடியா புள்ளத்தாச்சியா?" என்று பிரித்துக் கொட்டிவிட்டு வேறு இலையை நீட்டுவார். இலையை எடை போட்டுத்தான் கொடுப்பார்கள். வீணானால் நஷ்டம் அவருக்கு. நான் எத்தனை கிழித்தேனோ, ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. கல்யாணம் வேண்டாம் என்று முடிவெடுத்ததை அம்மாவுக்கு முன்னால் அவரிடம்தான் சொன்னேன். நூலைப் பல்லில் கடித்தபடி, "சோறாக்கத் தெரியுமில்ல? பொழச்சிக்குவ" என்றார். அவ்வளவுதான்.

நாற்பது வயது மூத்தவரைத் தோழி என்று சொல்ல நமக்கு வாய் வராது. ஆயா என்று கூப்பிட்டுவிடுகிறோம், பார்க்கிறவர்களும் பாட்டி, பேத்தி கணக்கில் எழுதிவிடுகிறார்கள். டிவி சத்தத்துக்குச் சொந்த ஆயாவோடு அப்படி மல்லுக்கு நின்றிருப்பீர்களா? நான் நின்றதில்லை.

சரி, பாரத்துக்கு வருவோம். ஆதாரிலும் பி.எஃப். கணக்கிலும் அவர் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா, பாருங்கள். அந்தக் காலத்துப் பெண்களுக்குப் பெரும்பாலும் இருக்காது. அதைத் திருத்தவே இன்னும் நாலைந்து ஞாயிறு ஆகும்.