கணவர் கடலில், குழந்தை புனேயில்: டிக்கெட்டை எப்போது போடுவது?

கேள்வி: தூத்தூர் பக்கம் ஒரு கடற்கரை ஊர் எங்களுடையது. திருமணமாகி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. தத்தெடுப்புக்கான மத்திய அமைப்பான காராவில் பதிந்து நெடுநாள் காத்திருந்த பிறகு, மூன்று நாள் முன்பு புனேயில் உள்ள ஒரு மையத்திலிருந்து ஒன்றரை வயதுப் பெண் குழந்தையின் படமும் விவரமும் வந்தன. 48 மணி நேரக் கெடு என்பதால் நானே தளத்தில் சம்மதம் கொடுத்துவிட்டேன். வீட்டுக்காரர் கொச்சியிலிருந்து ஆழ்கடலுக்குப் போய்ப் பன்னிரண்டு நாள் ஆகிறது. திரும்பி வர இன்னும் ஒரு மாதம்கூட ஆகலாம். டிராவல்ஸில் 'இப்போதே போட்டால் விலை குறைவு' என்கிறார்கள். அவருக்குப் பதிலாக என் தம்பி வரத் தயார். மாமனாரோ, 'நம்ம கிறிஸ்தவங்களுக்குத் தத்து கிடையாது, கார்டியன் மட்டும்தான்' என்கிறார். நாங்கள் என்ன செய்வது?

பதில்: அன்புச் சகோதரிக்கு, முதலில் டிராவல்ஸ் கடையை விட்டு வெளியே வாருங்கள். நீங்கள் இன்று பார்க்க வேண்டியது விமானத்தை அல்ல, போட்டை.

நீங்கள் சம்மதம் கொடுத்த நாளிலிருந்து நாட்களை எண்ணுங்கள். 2022ஆம் ஆண்டின் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளின்படி, குழந்தையை ஒதுக்கிக்கொண்ட நாளிலிருந்து 30 நாளுக்குள் மையத்தின் தத்துக் குழு உங்களைச் சந்தித்து, இந்தக் குழந்தைக்கு நீங்கள் பொருத்தமா என்று முடிவு சொல்ல வேண்டும். பொருத்தம் என்று முடிவானால் அடுத்த 10 நாளுக்குள், தத்துக்கு முந்தைய வளர்ப்புப் பராமரிப்புக்கான, அதாவது தத்து ஆணை வரும்வரை குழந்தையை உங்களிடம் வைத்து வளர்ப்பதற்கான, உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்திட்டுக் குழந்தையை நீங்கள் அழைத்து வரலாம். வீட்டுக்காரர் ஒரு மாதம் கழித்துத்தான் கரைக்கு வருவார் என்றால் முதல் கெடுவே கைநழுவிப் போகும்.

தம்பியை அனுப்புகிற யோசனையை இத்துடன் விட்டுவிடுங்கள். தம்பதியாகத் தத்தெடுக்கும்போது இருவரின் சம்மதமும் வேண்டும் என்பது இளைஞர் நீதிச் சட்டம் 2015இன் 57ஆவது பிரிவு. நிலத்தை விற்க அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுப்பதுபோல இதற்கும் ஒன்று எழுதி வாங்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் அந்தப் பத்திரத்துக்குப் பணம் கொடுக்காதீர்கள். தம்பி துணைக்கு வரட்டும், பையைத் தூக்கட்டும். கையெழுத்து அவருடையது அல்ல.

அதனால் இன்றே போட் முதலாளியைப் பிடித்து, வயர்லெஸ்ஸிலோ சாட்டிலைட் போனிலோ வீட்டுக்காரருக்குச் செய்தி சொல்லச் சொல்லுங்கள். பக்கத்தில் மீன்பிடிக்கும் வேறு போட் ஏதாவது முன்னதாகக் கொச்சிக்குத் திரும்பினால் அதில் ஏறி வர முடியுமா என்றும் கேளுங்கள். கூடவே மையத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: கணவர் ஆழ்கடல் மீனவர், இந்தத் தேதியில் கடலுக்குப் போனார், இந்தத் தேதிவாக்கில் திரும்புவார், குழுவின் சந்திப்பை 30 நாளின் கடைசி வாரத்தில் வைக்க முடியுமா. சந்திப்பும் குழந்தையை ஒப்படைப்பதும் ஒரே பயணத்தில் முடியும்படி அடுத்தடுத்த நாட்களில் அமையுமா என்றும் அதிலேயே கேளுங்கள். அவருடைய மீனவர் அடையாள அட்டையின் நகலை இணையுங்கள். காராவின் உதவி மையத்துக்கும் ஒரு நகல் போகட்டும். கெடு முடிந்தபின் காரணம் சொல்வதைவிட, முடியும் முன்பே எழுத்தில் சொல்வது மேல். நம் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த இரண்டு மாதத்தில் குழந்தையின் படம் வந்திருந்தால் இந்தத் தலைவலியே இருந்திருக்காது. ஆனால் காரா காலண்டர் பார்த்து அனுப்புவதில்லை.

சரி, இப்போது டிக்கெட். குழுவின் சந்திப்புத் தேதி மின்னஞ்சலில் வராமல் பணம் திரும்பாத எந்த டிக்கெட்டும் போட வேண்டாம். என்னிடம் வந்த ஒரு தம்பதி, படம் வந்த அன்றே தாத்தா பாட்டி உட்பட நான்கு பேருக்கு விமான டிக்கெட் போட்டுவிட்டார்கள். குழந்தைக்குக் காய்ச்சல், தேதி தள்ளிப்போனது. நான்கு டிக்கெட்டின் பணமும் போனது. தாத்தாவும் பாட்டியும் வீட்டு வாசலில் வரவேற்றால் போதும்.

கன்னியாகுமரி – புனே எக்ஸ்பிரஸ் நாகர்கோவில், எர்ணாகுளம் வழியாகத்தான் போகிறது. போட் கொச்சியில் கரையேறினால் வீட்டுக்காரர் எர்ணாகுளத்திலேயே ஏறிக்கொள்ளலாம். ஊருக்கு வந்து திரும்பும் ஒரு நாள் மிச்சம். ரயிலில் 60 நாள் முன்பிருந்தே முன்பதிவு செய்யலாம். உறுதியான சாதாரண டிக்கெட்டை முன்கூட்டியே ரத்து செய்தால் சிறு தொகையைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். அதனால் உத்தேசமாக இரண்டு தேதிகளுக்குப் போட்டு வைத்து, ஒன்றை ரத்து செய்வதில் பெரிய நஷ்டம் இல்லை. தட்கலில் உறுதியான டிக்கெட்டுக்கு ஒரு பைசா திரும்பாது. போவது ரயிலில் இருக்கட்டும். வருவதற்கு மட்டும், உறுதிமொழியில் கையெழுத்து விழுந்த பிறகு டிக்கெட் எடுங்கள். விலை கூடினாலும் பரவாயில்லை. முன்பின் தெரியாத இருவரோடு ஒன்றரை நாள் ரயிலில் அந்தக் குழந்தையை உட்கார வைப்பதைவிட, மும்பையிலிருந்து திருவனந்தபுரத்துக்கு விமானத்தில் வந்து அங்கிருந்து காரில் ஊருக்கு வருவது நல்லது என்பது என் அபிப்பிராயம். இதைச் சட்டம் சொல்லவில்லை.

இரண்டு வயது நிரம்பாததால் விமானத்தில் மடியில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் வயதுச் சான்று கேட்பார்கள். பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். உங்கள் பெயர் போட்ட பிறப்புச் சான்றிதழ் இப்போது கிடைக்காது; தத்து ஆணைக்குப் பிறகுதான் அது வரும். அதனால் பிறந்த தேதி குறிப்பிட்ட ஆவணத்தையும், குழந்தை உங்கள் பராமரிப்பில் ஒப்படைக்கப்பட்டதற்கான கடிதத்தையும் மையத்தின் முத்திரையோடு கேட்டு வாங்குங்கள். டிக்கெட்டிலும் மையத்தின் ஆவணத்தில் உள்ள பெயரையே போடுங்கள். நீங்கள் மனதில் வைத்திருக்கும் பெயர் இப்போதைக்கு வீட்டுக்குள் கூப்பிட மட்டும். உறுதிமொழியின் நகல், குழந்தை ஆய்வு அறிக்கை, மருத்துவ அறிக்கை, உங்கள் இருவரின் ஆதார் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் அல்ல. அந்த மருத்துவ அறிக்கையைக் கிளம்பும் முன்பே நாகர்கோவிலில் நீங்கள் நம்பும் குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

குழந்தை வீட்டுக்கு வந்ததும் வேலை முடிந்துவிடாது. மையம் அங்குள்ள மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வழியாக அந்த மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பிக்கும். 2022 செப்டம்பர் முதல் தத்து ஆணை தருவது நீதிமன்றம் அல்ல, மாவட்ட ஆட்சியர். இரண்டு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நேரில் வரச் சொன்னால் மறுபடி புனே போக வேண்டியிருக்கும். அந்தச் செலவுக்கு இப்போதே கொஞ்சம் ஒதுக்குங்கள், டிக்கெட் போடாதீர்கள். குழந்தை உங்களிடம் வந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை குழந்தை எப்படி இருக்கிறாள் என்று வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள்.

மாமனார் சொல்வது ஒரு காலத்தில் உண்மைதான். 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டத்தின் கீழ்தான் கிறிஸ்தவர்கள் குழந்தையை ஏற்க முடிந்தது. இளைஞர் நீதிச் சட்டம் மதம் பார்ப்பதில்லை. எந்த மதத்தவரும் அதன்கீழ் தத்தெடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆணை வந்த நாள் முதல் அவள் உங்கள் மகள், சொத்துரிமை உட்பட. ஞானஸ்நானத்தை மட்டும் ஆணை வரும்வரை தள்ளி வையுங்கள். பங்குப் பதிவேட்டில் பெற்றோர் பெயர் எழுதும்போது கையில் காகிதம் இருக்கட்டும்.

அப்புறம், ஊர் முக்கில் படத்தோடு ஃபிளெக்ஸ் வைக்க நண்பர்கள் துடிப்பார்கள். வேண்டாம். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் வேண்டாம். இப்படிப்பட்ட குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆவது பிரிவு தடை செய்கிறது. ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

பைக்குள் வைக்க வேண்டியதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். மையத்தில் அவள் தூங்கும்போது போர்த்தும் துணியைக் கேட்டு வாங்கி வாருங்கள், துவைக்காமல். மராத்தியில் நாலு சொல்லும் கற்றுக்கொள்ளுங்கள். 'பாணி' என்று அழுதால் தண்ணீர். 'தூத்' என்று அழுதால் உங்கள் ஊரைத் தேடவில்லை, பால் கேட்கிறாள்.