அடுத்த கன்சோலும் அதே நிறுவனமா?

கேள்வி: கேம் கன்சோல் வைத்திருப்பவர்கள் புதிய தலைமுறைக் கருவிக்கு மாறும்போதும் பெரும்பாலும் பழைய நிறுவனத்தையே நாடுகிறார்களே, இது வெறும் பிராண்ட் மோகம்தானா?

பதில்: மோகம் என்று ஒதுக்கிவிட முடியாது. சோனியின் பிளேஸ்டேஷனில் டிஜிட்டலாக வாங்கிய கேம் மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்பாக்ஸில் இயங்காது என்பதால், பல ஆண்டுகளாகச் சேர்த்த கேம்களும், கேம்களில் இலக்குகளை எட்டி வென்ற டிராஃபிகளும் (டிஜிட்டல் விருதுகள்), ஆன்லைனில் கூடி விளையாடும் நண்பர் பட்டியலும் ஒரே கணக்கோடு பிணைந்து கிடக்கின்றன. நிறுவனத்தை மாற்றுபவர் அவற்றை விட்டுவிட்டுத்தான் வர வேண்டும். (ஃபோர்ட்நைட் போன்ற சில கேம்களில் மட்டும் முன்னேற்றத்தை உடன் எடுத்துச் செல்லலாம்.) 2020-இல் வந்த பிளேஸ்டேஷன் 5 ஏறக்குறைய எல்லா பிளேஸ்டேஷன் 4 கேம்களையும் இயக்குவதும், 2025-இல் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் 2 பழைய ஸ்விட்ச் கேம்களில் பெரும்பாலானவற்றை ஏற்பதும் இந்தப் பிணைப்பை மேலும் இறுக்குகின்றன.

ஆனால், வாடிக்கையாளரின் இந்த விசுவாசத்துக்கு எப்போதும் உரிய பலன் கிடைத்ததில்லை என்பது என் வருத்தம். 2006-இல் வெளியான பிளேஸ்டேஷன் 3-க்கு 'செல்' என்ற தனி வகை பிராசஸர் இருந்தது. 2013-இல் வந்த பிளேஸ்டேஷன் 4 முற்றிலும் வேறு வகை பிராசஸருக்கு மாறிவிட்டதால் பழைய டிஸ்க்குகள் அதில் இயங்கவில்லை, ஆகவே அதே நிறுவனத்தில் தொடர்ந்தவர்களும் கேம் சேகரிப்பைப் புதிதாகத்தான் தொடங்க வேண்டியிருந்தது.

உங்களிடம் இருப்பவை டிஸ்க்குகள் என்றால், வாங்கும் மாடலில் டிஸ்க் டிரைவ் இருக்கிறதா என்பதைக் கட்டாயம் பாருங்கள். எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எஸ்-இல் அது கிடையாது. பழைய கேம்களில் மறுபடியும் விளையாட விரும்புபவை ஒன்றிரண்டே என்றால், தாராளமாக நிறுவனத்தை மாற்றலாம்.