மீன் விருந்துக்கு எந்த ஒயின்? – கடிதமும் பதிலும்

வணக்கம்.

பாரிஸுக்குப் பக்கத்தில் வேலை பார்க்கிறேன். அடுத்த மாதம் அலுவலக நண்பர்கள் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார்கள். மீன் சமைக்கலாம் என்றிருக்கிறேன். கடையில் வெள்ளை ஒயின் வரிசையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. ஐந்து யூரோவுக்கும் இருக்கிறது, ஐம்பதுக்கும் இருக்கிறது. விலை குறைந்ததை வைத்தால் மரியாதைக் குறைவாகிவிடுமா? எதை வாங்கலாம், எதோடு பரிமாறலாம்?

ம.

அன்புள்ள ம.,

மஸ்கடே வாங்குங்கள். புட்டியின் மேல் 'மஸ்கடே சேவ்ர் எ மேன்' என்றும், கூடவே 'சுர் லீ' என்றும் இருக்கிறதா பாருங்கள். பத்து யூரோவுக்குள் நல்லதே கிடைக்கும். அதே வரிசையில் மஸ்கட் என்றும் ஒன்று இருக்கலாம். அது வேறு திராட்சை, வாசனை தூக்கலானது, பல நேரம் இனிப்பாகவும் இருக்கும்.

மரியாதைக் குறைவு என்ற பேச்சுக்கே இடமில்லை. லுவார் ஆறு அட்லாண்டிக்கில் சேரும் பக்கம், நாந்த் நகரை ஒட்டி விளைகிற ஒயின் இது. திராட்சை மெலோன் த பூர்கோன். ஷார்டனே என்கிற பேர்பெற்ற வெள்ளைத் திராட்சையோடு கூடப்பிறந்த வகை. 1709ஆம் ஆண்டின் கொடுங்குளிரில் அங்கே கொடிகள் பட்டுப்போனபின், குளிர் தாங்கும் இந்த வகையைத்தான் நிறைய நட்டார்கள். இதற்கென்று பெரிய வாசனை கிடையாது. அதனால் சிலர் இதைச் சப்பென்றது என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. வாசனை அடங்கியிருப்பதால்தான் மீனின் ருசியை இது அமுக்குவதில்லை.

'சுர் லீ' என்றால் 'மண்டியின் மேல்'. அதை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், நொதித்து முடிந்ததும் ஈஸ்ட் தொட்டியின் அடியில் மண்டியாகப் படியும். இங்கே ஒயினை அதிலிருந்து பிரிக்காமல் குளிர்காலம் முழுக்க அந்த மண்டியின் மேலேயே விட்டு, மார்ச் பிறந்த பிறகுதான் புட்டியில் அடைக்கிறார்கள். அதனால் புளிப்புக்குக் கீழே ஒரு சதைப்பற்று சேர்கிறது, ரொட்டி மாவின் மெல்லிய மணம் வருகிறது. சில புட்டிகளில் நாக்கு நுனியில் லேசாகச் சுருக்கென்றும் இருக்கும்.

அந்த ஊர்க்காரர்கள் இதை வேகவைக்காத ஆய்ஸ்டர் சிப்பியோடு குடிப்பார்கள். விருந்தாளிகளுக்கு நீங்கள் முல் மரினியேர் செய்யுங்கள் என்பேன். முல் என்கிற கருப்பு மட்டியை நன்றாகக் கழுவி, உடைந்ததையும் தட்டினாலும் மூடாததையும் தூக்கி எறிந்துவிடுங்கள். வெண்ணெயில் சின்ன வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி நிறம் மாறாமல் வதக்கி, ஒரு பெரிய குவளை மஸ்கடே ஊற்றிக் கொதிக்கவிடுங்கள். மட்டியைக் கொட்டி மூடிவைத்தால் நாலைந்து நிமிடத்தில் வாய் திறந்துவிடும். திறக்காததைப் பரிமாற வேண்டாம். உப்பு போடாதீர்கள், மட்டி விடுகிற கடல்நீரே போதும். கடைசியில் பார்ஸ்லி. உங்கள் நண்பர்கள் முதல் மட்டியைத் தின்றுவிட்டு, அந்தக் காலி ஓட்டையே இடுக்கியாக்கி அடுத்ததைப் பிடுங்கித் தின்பார்கள். நீங்களும் கூச்சப்படாமல் அப்படியே சாப்பிடுங்கள். அடியில் நிற்கும் சாறுக்கு ரொட்டி நிறைய வேண்டும்.

நம் வீட்டுச் சமையல்தான் என்றால், மத்தியை உப்பும் எலுமிச்சையும் தடவிச் சுட்டுக் கொடுங்கள், அருமையாகச் சேரும். மிளகாய் குறைத்து வறுத்த மீனும் சரிதான். புளிக்குழம்பு வேண்டாம். புளியின் முன் ஒயினின் புளிப்பு காணாமல்போய் வெறும் தண்ணீராகத் தெரியும், மிளகாய்க் காரம் மிச்சத்தையும் கெடுத்துவிடும்.

நன்றாகக் குளிரவைத்து, பரிமாறுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துவிடுங்கள். எட்டிலிருந்து பத்து டிகிரி சரியாக இருக்கும். மட்டி வேகவைக்கவும் இதே ஒயின் வேண்டுமென்பதால் ஒரு புட்டி கூடுதலாகவே வாங்குங்கள். கொஞ்சம் செலவழிக்க மனமிருந்தால் கிளிசோன் அல்லது கோர்ஜ் என்று ஊர்ப்பெயர் போட்ட மஸ்கடே ஒன்றும் எடுங்கள். மண்டியின் மேல் இன்னும் நீண்ட காலம் கிடந்தது அது. மட்டி தீர்ந்து பாலாடைக்கட்டி வரும்போது திறக்கலாம்.