ஏழு பகடையில் எதை எப்போது உருட்டுவது?

கேள்வி: ஆளுக்கொரு கதாபாத்திரமாகி மேசையில் உட்கார்ந்து கதையாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்துக்கு நண்பர்கள் கூப்பிட்டிருக்கிறார்கள். ஏழு பகடை உள்ள செட் ஒன்று வாங்கிவிட்டேன். எதை எப்போது உருட்டுவது, வந்த எண்ணோடு எதைக் கூட்டுவது என்பதுதான் பிடிபடவில்லை. விதிப்புத்தகத்தை முழுக்கப் படித்துவிட்டுத்தான் ஆட உட்கார வேண்டுமா?

பதில்: வேண்டாம். முதல் நாளுக்கு ஒரு விஷயம் தெளிவாக இருந்தால் போதும். இந்த ஆட்டத்தில் நாம் பகடையிடம் கேட்பது இரண்டே கேள்விகள். ‘நடக்குமா, நடக்காதா?’ என்பது ஒன்று. அதற்கு இருபது முகப் பகடையான டி20. ‘எவ்வளவு?’ என்பது மற்றொன்று. எத்தனை புள்ளி அடி விழுந்தது, எத்தனை புள்ளி காயம் ஆறியது என்பதையெல்லாம் சொல்வது மற்ற பகடைகள். எதை உருட்டுவது என்று குழம்பும்போது, இதில் எந்தக் கேள்வி என்று பாருங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

குறியீடும் எளிதுதான். ‘டி’க்குப் பின்னால் இருப்பது முகங்களின் எண்ணிக்கை, முன்னால் இருப்பது பகடைகளின் எண்ணிக்கை. 2டி6+3 என்றால் ஆறு முகப் பகடை இரண்டை உருட்டி, இரண்டையும் கூட்டி, கடைசியில் ஒரே ஒரு முறை 3 சேர்க்க வேண்டும்.

ஒரு வாள்வீச்சை எடுத்துக்கொள்வோம். உங்கள் கேரக்டர் முதல் லெவல் ஃபைட்டர், அதாவது போர்வீரர். வலிமை 16, கையில் லாங்ஸ்வோர்ட் என்ற நீள வாள். எதிரே காப்ளின் என்ற குட்டி அரக்கன். அதன் ஆர்மர் கிளாஸ், அதாவது அடி படத் தொட வேண்டிய இலக்கு எண், 15. உயிர்ப்புள்ளி 7. புதியவர்கள் முதலில் தவறுவது இங்கேதான்: அந்த 16-ஐ அப்படியே கூட்டிவிடுவார்கள். கூட்ட வேண்டியது அதிலிருந்து கிடைக்கும் மாடிஃபையரை. வலிமையிலிருந்து 10-ஐக் கழித்துப் பாதியாக்குங்கள். அரை மிஞ்சினால் கீழே இறக்குங்கள். 16-க்கு +3, 15-க்கு +2, 8-க்கு -1. அதோடு, பழகிய ஆயுதம் என்பதால் முதல் லெவலில் புரொஃபிஷியன்ஸி +2. மொத்தம் +5. கேரக்டர் ஷீட்டில் ஆயுதத்தின் பெயருக்குப் பக்கத்திலேயே இதை எழுதி வைத்துவிட்டால் ஆட்டத்தின் நடுவில் கணக்குப் போட வேண்டியதில்லை.

டி20-இல் 12 விழுகிறது. 12+5=17. பதினைந்தைத் தாண்டியதால் அடி பட்டது. சரியாக 15 வந்திருந்தாலும் பட்டதாகத்தான் கணக்கு. இலக்கு எண்ணைத் தொட்டாலே வெற்றி. இனி ‘எவ்வளவு?’ என்ற கேள்வி. ஒரு கையால் வீசும் லாங்ஸ்வோர்டுக்கு டி8, அதோடு வலிமையின் +3 மட்டும். புரொஃபிஷியன்ஸி இதில் சேராது. டி8-இல் 4 விழுந்தால் மொத்தம் 7, காப்ளின் சரிந்தது.

இந்த வீச்சுக்கு டி20-இல் 10 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். அதற்கு வாய்ப்பு 55 சதவீதம். சூழல் சாதகமாக இருந்து அட்வான்டேஜ் கிடைத்தால் இருமுறை உருட்டிப் பெரியதை எடுப்பீர்கள். வாய்ப்பு ஏறக்குறைய 80-க்குப் போய்விடும். சூழல் பாதகமாக இருந்து டிஸ்அட்வான்டேஜ் என்றால் இருமுறை உருட்டிச் சிறியது. வாய்ப்பு 30-க்குச் சரியும். எங்கே நிற்கிறோம், ஒளிந்திருக்கிறோமா என்பதற்கெல்லாம் மேசையில் அவ்வளவு மதிப்பு ஏன் என்பது இந்த எண்களில் தெரியும். மூன்று காரணங்களால் அட்வான்டேஜ் இருந்தாலும் உருட்டுவது இரண்டு முறைதான். அதற்கு எதிராக ஒரே ஒரு டிஸ்அட்வான்டேஜ் வந்தாலும் இரண்டும் ரத்து, சாதாரணமாக ஒருமுறை உருட்ட வேண்டும்.

தாக்கும்போது பகடை முகத்திலேயே 20 விழுந்தால் அது கிரிட்டிகல், இலக்கு எதுவானாலும் அடி பட்டது. கூட்டி வந்த 20 இதில் சேராது. அப்போது இரட்டிப்பாவது அடிக்கான பகடை மட்டும், மாடிஃபையர் அல்ல, அதாவது 2டி8+3. முகத்தில் 1 விழுந்தால் எவ்வளவு கூட்டினாலும் குறி தப்பியது. இந்தத் தானியங்கி வெற்றி தோல்வி தாக்குதலுக்கான விதி. சுவர் ஏறுவது, பொய் சொல்லிச் சமாளிப்பது போன்ற சோதனைகளில் 20 விழுந்தாலும் மொத்தம் இலக்கைத் தொட்டாக வேண்டும். பல குழுக்கள் இதைத் தளர்த்தி ஆடுகின்றன. உங்கள் குழுவில் எப்படி என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

பகடையைப் படிப்பதிலும் சில சிக்கல்கள் உண்டு. டி4 உருளாது, சற்று மேலே தூக்கிப் போட வேண்டும். அதற்கு மேல்முகம் கிடையாது. மூன்று பக்கத்திலும் நிமிர்ந்து தெரியும் ஒரே எண்தான் விடை. சிலவற்றில் அது உச்சியருகே இருக்கும், சிலவற்றில் அடியோரத்தில். டி12-ஐயும் டி20-ஐயும் அவசரத்தில் மாற்றி எடுப்பது சகஜம். ஐங்கோண முகம் டி12, முக்கோண முகம் டி20.

அதிகம் குழப்புவது பத்து முகப் பகடைகள் இரண்டும்தான். ஒன்றில் 0 முதல் 9 வரை, மற்றதில் 00 முதல் 90 வரை. முதலாவதைத் தனியாக உருட்டினால் 0 என்பது பத்து. இரண்டையும் சேர்த்து நூற்றுக்கு உருட்டும்போது அதே 0 வெறும் சுழியம்: 30-ம் 0-வும் விழுந்தால் 30, 00-வும் 7-ம் விழுந்தால் 7. 00-வும் 0-வும் சேர்ந்து விழுந்தால் மட்டும் 100.

மேசையில் உட்கார்ந்ததும் தானாகப் பகடையை எடுக்காதீர்கள். செய்ய நினைப்பதை வாயால் சொல்லுங்கள். உருட்டல் தேவையா என்று ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டர் முடிவு செய்வார். பூட்டாத கதவைத் திறக்கப் பகடை எதற்கு? உருட்டியபின் கூட்டிய மொத்தத்தைச் சொல்லுங்கள், தாக்குதலில் முகத்தில் 20 அல்லது 1 விழுந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். டி20-ஐயும் அடிக்கான பகடையையும் ஒரே கையில் உருட்டிவிட்டால் ஆட்டம் வேகமாக நகரும். புத்தக ஓரத்தில் சாய்ந்து நின்ற பகடையை மறுபடி உருட்டுவதே நல்ல வழக்கம்; எண் தெரிந்தபின் வாதாடுவதைவிட முன்பே பேசி வைப்பது மேல்.

இனி பகடை வாங்குவதானால் அழகைவிட எண் பளிச்சென்று தெரிவதைப் பாருங்கள். மினுமினுப்புக்குள் எண் தொலைந்துபோன பகடையை ஒவ்வொரு முறையும் குனிந்து படிக்க வேண்டியிருக்கும். சீட்டாட்டங்களில் உயிர்ப்புள்ளி எண்ண வரும் இருபது முகப் பகடையைத் தவிர்த்துவிடுங்கள். அதில் 20, 19, 18 என்று எண்கள் அடுத்தடுத்து இருப்பதால் பெரிய எண்கள் ஒரே பக்கம் குவிந்திருக்கும். சாதாரண டி20-இல் அவை சிதறியிருக்கும், எதிரெதிர் முகங்களின் கூட்டுத்தொகை 21 வரும்.

இவை எல்லாம் இந்த ஆட்டத்துக்குத்தான். கால் ஆஃப் கத்துலு என்ற வேறொரு ஆட்டத்தில் நூற்றுக்கு உருட்டி, திறன் எண்ணுக்குச் சமமாகவோ கீழேயோ விழுந்தால்தான் வெற்றி. அதனால் வேறு ஆட்டத்துக்குக் கூப்பிட்டால் எந்தப் பகடை, கூடினால் நல்லதா குறைந்தால் நல்லதா என்று கேட்டுவிட்டே போங்கள்.

டி20 தொலைந்துபோனால் ஆட்டத்தை நிறுத்த வேண்டாம். டி6-ஐயும் டி10-ஐயும் சேர்த்து உருட்டுங்கள். டி6-இல் 1 முதல் 3 வரை விழுந்தால் டி10-இன் எண் அப்படியே. 4 முதல் 6 வரை விழுந்தால் அதோடு பத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். 1 முதல் 20 வரை எல்லா எண்ணுக்கும் சம வாய்ப்பு கிடைக்கும்.