ஒன்பதாவதில் வந்த ஒரு சி – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

நாங்கள் அமெரிக்கா வந்து பதினோரு வருடம் ஆகிறது. மகன் இந்த ஆகஸ்டில் ஹைஸ்கூலில், ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தான். எட்டாவது வரை எல்லாவற்றிலும் ஏ கிரேடுதான். ஆறு வாரம் கழித்து வந்த முதல் ப்ராக்ரஸ் ரிப்போர்ட்டில் பயாலஜியில் சி. கேட்டால் "சரி பண்ணிடறேன்மா" என்று சொல்லிவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறான். வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் ஒன்பதாவதிலேயே காலேஜுக்குத் திட்டம் போடாவிட்டால் அவ்வளவுதான் என்கிறார்கள். இரண்டு குடும்பம் ஆயிரக்கணக்கில் டாலர் கட்டித் தனியார் ஆலோசகரிடம் சேர்த்துவிட்டது. கணவர், அடுத்த வருடம் மூன்று ஏபி, அதாவது காலேஜ் தரத்துப் பாடம், எடுக்கட்டும் என்கிறார். நாங்கள் இருவரும் ஊரில் படித்தவர்கள். பிளஸ் டூ மார்க், கட்-ஆஃப், கவுன்சலிங் என்று எங்களுக்குத் தெரிந்தது ஒரே வழி. இங்கே எதுவும் பிடிபடவில்லை. கிரீன் கார்டும் இன்னும் வரவில்லை, வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்தாருக்குத் தரும் எச்-4 விசாவில்தான் அவன் இருக்கிறான். எங்கே ஆரம்பிப்பது? அந்த சி அவனைக் கெடுத்துவிடுமா?

– பெயர் வேண்டாமே, ஒரு அம்மா

அன்புள்ள தோழிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கெடுக்காது. ப்ராக்ரஸ் ரிப்போர்ட் என்பது நடுவில் வரும் எச்சரிக்கை. பெரும்பாலான பள்ளிகளில் செமஸ்டர் முடிவில் வரும் கிரேடுதான் கல்லூரிக்குப் போகும் மதிப்பெண் பட்டியலான டிரான்ஸ்கிரிப்டில் ஏறும், அதற்கு இன்னும் இரண்டரை மாதம் இருக்கிறது. ஒரு பேச்சுக்கு, வருடம் முழுவதுமே சுமாராகப் போய் ஒன்பதாவது ஜிபிஏ, அதாவது நான்குக்குக் கணக்கிடும் கிரேடு சராசரி, 3.0-இல் நின்றுவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். பத்திலும் பதினொன்றிலும் 3.9 எடுத்தால் விண்ணப்பிக்கும் நேரத்தில் மொத்தம் 3.6. கலிபோர்னியா பல்கலைக்கழகம் ஜிபிஏ போடும்போது ஒன்பதாம் வகுப்பு கிரேடுகளைக் கூட்டுவதே இல்லை, பாடத்தில் குறைந்தது சி வாங்கித் தேறியிருக்கிறானா என்று மட்டும்தான் பார்க்கிறது. அதனால் இன்று ராத்திரி தூங்குங்கள்.

ஆனால் அந்த சி எப்படி வந்தது என்று பார்த்தாக வேண்டும்.

என் மகள் ஒன்பதாவது படிக்கும்போது உலக வரலாற்றில் இதே மாதிரி ஒரு சி வந்தது. பாடம் புரியவில்லை போலிருக்கிறது, டியூஷன் வைக்கலாமா என்று நானும் அவள் அப்பாவும் நடு ராத்திரி வரை பேசிக்கொண்டிருந்தோம். மறுநாள் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து பள்ளியின் போர்ட்டலைத் திறந்தால், நான்கு இடத்தில் 90, ஒரு இடத்தில் பூஜ்யம். அதன் சராசரி 72. ஒரு தாள் கொடுக்காததால் ஏ இருந்த இடத்தில் சி வந்து உட்கார்ந்துவிட்டது. அந்தத் தாள் எங்கேடி என்று கேட்டதற்குப் பையைக் கவிழ்த்தாள். அடியில், தண்ணீர் பாட்டிலுக்குக் கீழே, ஓரம் நனைந்து சுருண்டு கிடந்தது. பெயர் எழுதி, எல்லாக் கேள்விக்கும் பதில் எழுதி முடித்த தாள்! கொடுக்க வேண்டிய நாளன்று பல் டாக்டரிடம் போயிருக்கிறாள், மறுநாள் கொடுக்கக் கூச்சம், அதற்கடுத்த நாள் பயம், ஒரு வாரம் ஆனதும் இனிமேல் கேட்டால் டீச்சர் என்ன நினைப்பாரோ என்று அப்படியே விட்டுவிட்டாள்.

உங்கள் மகனுக்கும் இதுதான் நடந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் கதவைச் சாத்திக்கொள்கிறான் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைப் படித்ததும் எனக்கு அந்தத் தாள்தான் ஞாபகம் வந்தது. மிடில் ஸ்கூலில் டீச்சர்கள் விட்டதைக் கேட்டு வாங்குவார்கள். ஹைஸ்கூலில் ஒரு டீச்சர் ஐந்து பீரியடில் நூற்றைம்பது பிள்ளைகளைப் பார்க்கிறார், அவருக்குத் துரத்த நேரமில்லை, கேட்பவனுக்குத்தான் கிடைக்கும். பதினான்கு வயதுப் பிள்ளைக்கு இதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை, தானாகத் தெரிந்துகொள்வான் என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறோம்.

இது என் வீட்டுக் கதை மட்டும் இல்லை. சிகாகோ பொதுப் பள்ளிகளின் பிள்ளைகளை வைத்து சிகாகோ பல்கலைக்கழகத்தின் பள்ளி ஆய்வுக் குழு 2005-இலும் 2007-இலும் அறிக்கைகள் வெளியிட்டது. ஒன்பதாவதை ஒழுங்காக முடித்தவர்கள், அதாவது அடுத்த வகுப்புக்குப் போகத் தேவையான கிரெடிட் சேர்த்து, முக்கியப் பாடங்களில் ஒரு செமஸ்டருக்கு மேல் எஃப் (ஃபெயில்) வாங்காதவர்கள், நான்கு வருடத்தில் பள்ளியை முடிக்கும் வாய்ப்பு மற்றவர்களைப்போல மூன்றரை மடங்குக்கும் மேல் இருந்தது. என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது இரண்டாவது அறிக்கை. ஒன்பதாவதில் யார் ஃபெயில் ஆவார்கள் என்பதைக் காட்டுவதில், எட்டாவதில் எடுத்த தேர்வு மதிப்பெண்ணைவிட வகுப்புக்கு ஒழுங்காகப் போவது எட்டு மடங்கு துல்லியமாக இருந்ததாம். உங்கள் மகன் ஃபெயில் ஆகப்போகிற பிள்ளை இல்லை, தெரியும். இருந்தாலும் இந்த வருடத்தில் எதைக் கவனிக்க வேண்டும் என்பது இதிலேயே இருக்கிறது. வகுப்பில் இருப்பது, கொடுக்க வேண்டியதைக் கொடுப்பது, தெரியவில்லை என்றால் போய்க் கேட்பது. எட்டாவது வரை எல்லாம் ஏ என்பதை நினைத்து நாம் இதையெல்லாம் பார்க்காமல் விட்டுவிடுகிறோம்.

சரி, என்ன செய்யலாம்? போர்ட்டலைத் தினமும் நீங்கள் திறந்து பார்க்காதீர்கள், அது அவனுக்குக் காவல் வைத்த மாதிரி ஆகிவிடும். வாரத்தில் ஒரு நாள், ஞாயிறு சாயங்காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள், இருபது நிமிடம் போதும், லேப்டாப் அவன் கையில் இருக்கட்டும். எது விட்டுப்போயிருக்கிறது, இந்த வாரம் என்ன வருகிறது, யாரிடம் என்ன கேட்க வேண்டும், இந்த மூன்று மட்டும் பேசுங்கள். டீச்சருக்கு மெயில் எழுத வேண்டியிருந்தால் நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். என் மகள் அன்றைக்கு நான்கு வரி எழுதினாள். "நான் உங்கள் மூன்றாம் பீரியட் மாணவி. வராத நாளில் கொடுக்க வேண்டிய தாளை நான் இன்னும் கொடுக்கவில்லை. முடித்து வைத்திருக்கிறேன். இப்போது கொடுத்தால் வாங்கிக்கொள்வீர்களா?" இந்த நான்கு வரிக்கு முக்கால் மணி நேரம் ஆனது, அனுப்பும் பொத்தானுக்கு மேல் விரலை வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை பதில் வந்தது, கொண்டு வா, தாமதத்துக்குப் பத்து சதவீதம் குறைப்பேன் என்று. பூஜ்யம் 81 ஆனது, 72 என்ற சராசரி 88 ஆனது. அதைவிட, கேட்டால் யாரும் கடித்துவிட மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது. பின்னால் பதினொன்றாவதில் சிபாரிசுக் கடிதம் கேட்க அவளுக்கு என் துணை தேவைப்படவில்லை.

பிரச்சினை நிஜமாகவே பாடத்தில்தான் என்றால், அவன் எப்படிப் படிக்கிறான் என்று பாருங்கள். பயாலஜியில் பெரும்பாலான பிள்ளைகள் நோட்டைத் திரும்பத் திரும்ப வாசித்துவிட்டுத் தெரிந்துவிட்டது என்று நம்பிவிடுவார்கள். ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் இதைச் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்ப வாசித்தவர்கள் முன்னால் இருந்தார்கள், ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் நன்றாகவே முந்திவிட்டார்கள். அதனால் வெள்ளைத் தாளில் செல்லின் படத்தைப் பார்க்காமல் வரைந்து பாகங்களைக் குறிக்கச் சொல்லுங்கள், எது வரவில்லையோ அதை மட்டும் படிக்கட்டும். அப்புறம் தூக்கம். 13 முதல் 18 வயது வரை எட்டிலிருந்து பத்து மணி நேரம் தூங்க வேண்டும் என்கிறது அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி. ராத்திரி போன் அறைக்கு வெளியே சார்ஜ் ஆகட்டும், உங்களுடையதும்தான்.

இனி காலேஜ். ஒன்பதாவதில் உண்மையிலேயே தள்ளிப்போடக் கூடாதது பாட வரிசை, அதிலும் கணக்கு. அல்ஜீப்ரா 1, ஜியாமெட்ரி, அல்ஜீப்ரா 2, ப்ரீகால்குலஸ், கால்குலஸ் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். இந்த வருடம் ஜியாமெட்ரியில் இருந்தால் பன்னிரண்டாவதில் கால்குலஸ் வந்துவிடும். அல்ஜீப்ரா 1-இல் இருந்தால் ப்ரீகால்குலஸோடு நிற்கும், அவன் இன்ஜினியரிங் பக்கம் போக நினைத்தால் கோடையிலோ வேறு வழியிலோ ஒரு படி தாண்ட முடியுமா என்று இப்போதே பள்ளி கவுன்சலரிடம் கேட்க வேண்டும். வேற்று மொழிப் பாடத்தையும் நடுவில் விடாமல் தொடரட்டும். மூன்று ஏபி பற்றி உங்கள் கணவரிடம் என் அபிப்பிராயமாகவே சொல்லுங்கள்: பத்தாவதுக்கு ஒன்று போதும், அவனுக்குப் பிடித்த பாடத்தில். அது நன்றாகப் போனால் பதினொன்றில் கூட்டிக்கொள்ளலாம். கல்லூரிகள் அந்தப் பள்ளியில் கிடைக்கும் பாடங்களில் எவ்வளவு கடினமானதை எடுத்தான் என்று பார்க்கின்றன, வாஸ்தவம்தான். அதில் எப்படிச் செய்தான் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்கின்றன.

பாடத்துக்கு வெளியே என்ன செய்கிறான் என்பதற்கு, நிறையக் கல்லூரிகள் ஏற்கும் காமன் ஆப் விண்ணப்பத்தில் பத்து இடம்தான் உண்டு, ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்து. பதினைந்து கிளப்பில் பெயர் கொடுத்து அலைய வேண்டியதில்லை. அவனாகப் போய்ச் சேர்ந்த ஒன்றிரண்டில் நான்கு வருடம் நிலைத்து நிற்கட்டும். ஒன்று மட்டும் கவனம். எச்-4-இல் இருக்கும் பிள்ளை சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது, பக்கத்துக் கடையில் கோடை வேலை கிடைக்கிறது என்று அனுப்பிவிடாதீர்கள். நூலகத்தில் தன்னார்வப் பணி என்றால் சரி.

கல்லூரி சேர்க்கைக்கு எழுதும் எஸ்ஏடி தேர்வுக்கு இப்போதே கோச்சிங் எதற்கு? பதினொன்றாவதுக்கு முந்தைய கோடையில் தொடங்கினால் போதும், கான் அகாடமி இணையதளத்தில் இலவசமாகவே இருக்கிறது.

விசாவைப் பற்றி நீங்கள் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், என்னைக் கேட்டால் அதுதான் முதலில் பேச வேண்டியது. எச்-4 பிள்ளைக்கு மத்திய அரசின் கல்வி உதவி கிடையாது. ஃபாஃப்சா என்று எல்லோரும் பேசிக்கொள்ளும் அந்த உதவிக்கான விண்ணப்பம் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவர்களுக்கும், தகுதியுள்ள வேறு சில பிரிவினருக்கும்தான். நடுவில் கிரீன் கார்டு வந்துவிட்டால் அவனுக்கும் உண்டு, அப்போது அவன் பத்தாவது படிக்கும் ஜனவரியிலிருந்து பதினொன்றாவதின் டிசம்பர் வரை நீங்கள் சம்பாதித்த வருடத்தின் வருமானத்தைத்தான் முதல் விண்ணப்பத்துக்குப் பார்ப்பார்கள். உங்கள் மாநிலத்து அரசுப் பல்கலைக்கழகம் எச்-4 பிள்ளைக்கு உள்மாநிலக் கட்டணம், அதாவது அந்த மாநிலத்தவருக்கான குறைந்த கட்டணம், தருமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும், அந்தப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் இந்த வாரமே பாருங்கள். 21 வயது ஆனதும் எச்-4 தகுதியே போய்விடும், அது காலேஜ் நடுவில் வரும், மாணவர் விசாவுக்கு மாற வேண்டியிருக்கும். இதை ஒரு குடிவரவு வழக்கறிஞரிடம் முன்கூட்டியே பேசிவைப்பது நல்லது. தனியார் ஆலோசகருக்குக் கட்ட நினைத்த பணத்தில் கொஞ்சம் அங்கே போகட்டும்.

இன்னொன்று. மத்திய அரசின் உதவித் திட்டங்களில் இருக்கும் கல்லூரிகள் எல்லாம் 2011-இலிருந்து தங்கள் இணையதளத்தில், உதவி போகக் குடும்பம் எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும் என்று கணக்கிடும் நெட் பிரைஸ் கால்குலேட்டர் வைத்தாக வேண்டும் என்பது சட்டம். அதில் வருகிற விடை உதவி பெறத் தகுதியுள்ள பிள்ளைகளுக்கானது, ஆகவே உங்களுக்கு இப்போது அப்படியே பொருந்தாது. ஆனாலும் விளம்பரத்தில் போடும் கட்டணத்துக்கும் ஒரு குடும்பம் கடைசியில் கட்டுவதற்கும் எவ்வளவு தூரம் என்று பார்த்துவைத்துக்கொள்ளலாம். வருடத்துக்கு நம்மால் இவ்வளவுதான் முடியும் என்ற தொகையை மகனிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பதினான்கு வயதுக்கு அது புரியும். பன்னிரண்டாவதின் ஏப்ரலில், கையில் அனுமதிக் கடிதத்தோடு நிற்கும் பிள்ளையிடம் முதல் முறையாகச் சொல்வது எவ்வளவு கொடுமை என்று நான் சில வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

பள்ளி கவுன்சலரை உங்கள் மகனே ஒரு முறை போய்ப் பார்க்கட்டும், பத்து நிமிடம் போதும், தன் பெயரைச் சொல்லி நான்கு வருடப் பாடத் திட்டம் ஒன்று போட்டுத் தரச் சொல்லட்டும். ஒரு கவுன்சலருக்கு 250 மாணவர்கள்தான் இருக்க வேண்டும் என்று அவர்களுடைய தேசியச் சங்கமே சொல்கிறது, பல பள்ளிகளில் அதைவிட நிறைய. பின்னால் கல்லூரிக்கு இவனைப் பற்றி எழுதப்போகிறவர் அவர்தான், முகம் தெரிந்திருந்தால்தானே எழுதுவார்.

இந்த ஞாயிற்றுக்கிழமை கதவைத் தட்டி, பயாலஜி என்ன ஆச்சு என்று கேட்காமல், எது கொடுக்காமல் விட்டுப்போச்சு, காட்டு என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். செமஸ்டர் முடிந்ததும் எனக்கு எழுதுங்கள். கிரேடு எழுத வேண்டாம், டீச்சரிடம் அவனே போய்க் கேட்டானா என்று மட்டும் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா